பேர் வெட்டிய பாத்திரங்கள்

அக்கா பிறந்தது கரமனையில், ஆற்றுக்கு இறங்கும் தெருவில், ஒரு மார்கழி மாதத்து விசாக நட்சத்திரத்தில். தேதி, கிழமை, ஆண்டு எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கட்டுரையில் அவற்றைத் தரப்போவதில்லை. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் தேதி கேட்டுக் குறித்துக்கொள்கிறவன் நான். அக்காவுக்கு அது வேடிக்கை. "இவன் இலையில சாதம் போட்டா, இது என்னிக்கு அறுத்த நெல்லுன்னு கேப்பானாக்கும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "மாசம் சொன்னாப் போறாதாடா? மனுஷாளுக்கு மாசந்தான் ஞாபகம் இருக்கும்" என்பதும் அவர் சொன்னதுதான். அவருடைய முதல் ஆப்திகத்துக்கு, வருஷத் திதிக்கு, வந்திருக்கும் உங்களுக்காக எழுதுவதால், அவர் விருப்பப்படி மாதங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்காவை இங்கேயே ஒரு மலையாளப் பள்ளியில் சேர்த்தார்கள். வீட்டில் பேசியது தமிழ். பள்ளியில் எல்லாம் மலையாளம். ஓர் எழுத்துகூடத் தெரியாமல் உள்ளே போன குழந்தை அவர். பக்கத்துப் பெண் உரக்கப் படிப்பதைக் காதில் வாங்கி, பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து, தன் முறை வரும்போது புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தடங்கலில்லாமல் ஒப்பித்துவிடுவார். இரண்டு வகுப்பு அப்படியே போயிற்று. மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் டீச்சர் வேறு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அக்கா பழைய பக்கத்தையே சொன்னார். வகுப்பே சிரித்தது. "படிக்கத் தெரியாதுங்கறதை விட, படிக்கறாப்ல நடிச்சேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே, அதாண்டா" என்று பெரியவரான பிறகு என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். அந்தக் கோடை விடுமுறையில் மலையாளம் எழுத்துக்கூட்டப் பழகினார். பிறகு அம்மாவிடம் தமிழும் கற்றார். முதல் அடி சறுக்கியவர் பின்னால் சறுக்கவேயில்லை. காமர்ஸ் படித்தார், கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு வீட்டு அடுப்பு எரிந்ததும் என் கல்லூரிப் படிப்பு நடந்ததும் அந்தச் சம்பளத்தில்தான். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், இரவு நின்றுகொண்டே வருவார். உட்கார இடம் கிடைத்த நாளை வீட்டுக்கு வந்து விசேஷமாகச் சொல்வார்.

அக்காவின் கணவர், என் அத்திம்பேர், பழவங்காடியில் பூஜை சாமான் கடை வைத்திருப்பவர். நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டுமே. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து, உறவினர்கள் கேட்பதையே நிறுத்திவிட்ட பிறகு, ஓர் ஆவணியில் நீலு பிறந்தாள். அவளுக்கு மூன்று வயது முடிந்த கொஞ்ச நாளில் அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது.

வேலையை விட்டார். "இத்தனை வருஷம் லீவு கேட்டேன், தரலை. இப்போ மொத்தமாத் தந்துட்டான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார்.

அந்த வருஷம் விஜயதசமி சிகிச்சைக்கு நடுவில் வந்தது. கோயிலுக்குப் போய் வரிசையில் நிற்க அக்காவால் முடியாது. ஆகவே குழந்தைக்கு முதலெழுத்து எழுதவைக்கும் எழுத்தினிருத்து வீட்டிலேயே நடந்தது. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, நீலுவை மடியில் வைத்துக்கொண்டு, அவள் விரலைப் பிடித்து அக்காவே எழுதுவித்தார். அன்று சாயங்காலமே அணில், ஆடு, இலை, ஈ என்று படம் போட்ட அட்டை ஒன்று அடுக்களைச் சுவரில் ஏறியது. கார்த்திகை பிறப்பதற்குள் நீலு அந்த அட்டை முழுவதையும் சுலோகம் சொல்வதுபோல் கடகடவென்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீட்டுக் கமலா மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"சரஸ்வதி கடாட்சம்னா இதாக்கும்! என் பேரன் இருக்கானே, பெங்களூர்ல, அஞ்சு வயசாறது, அணிலைக் காட்டினா எலிங்கறான்."

மாமி போனதும் அக்கா ஒரு காகிதத்தை எடுத்து அணில் படத்தை மறைத்தார். "இது என்ன, சொல்லு" என்று எழுத்தைக் காட்டினார். நீலு பதில் சொல்லவில்லை. நான் அங்கே இருந்தேன். குழந்தைக்கு வெட்கம் என்று நினைத்தேன். அன்று என்னை வாசல்வரை கொண்டுவிட வந்தபோது அக்காவின் குரல் மாறியிருந்தது.

"அவ எழுத்தைப் பாக்கலைடா. என் மூஞ்சியைப் பாத்தா. நானும் அப்படித்தான் டீச்சர் மூஞ்சியைப் பாப்பேன்."

"மூணு வயசுக் குழந்தை அக்கா. போகப்போக வந்துடும்."

"போகப்போக நான் இருக்கணுமே." வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "மலையாளமும் இங்கிலீஷும் ஸ்கூல்ல வரும். தமிழை இந்தாத்துல நான்தான் சொல்லித் தரணும். ஸ்கூல்ல சேக்கறதுக்குள்ள, யாரும் சொல்லித் தராம, அவளாவே ஒரு வார்த்தை படிக்கணும். ஒண்ணே ஒண்ணு. அதை நான் கேட்டுட்டாப் போறும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மருத்துவர்களிடம்கூட, இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்காமல், வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழையும் பள்ளிக்கூடமும் தொடங்கும்வரை தாங்குமா என்றுதான் கேட்டார்.

வழி கிடைத்தது ஒரு டம்ளர் பாலில். அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் விளிம்போரம் அவர் பெயர் தமிழில் வெட்டியிருக்கும். ஒரு நாள் அவசரத்தில் வேறு யாருடைய டம்ளரிலோ பாலைக் கொடுத்துவிட்டார். நீலு அதை நகர்த்திவைத்தாள்.

"இது நம்மாத்து டம்ளர் இல்லை."

"எப்படீடி தெரியும் உனக்கு?"

குழந்தை விளிம்பில் விரலை வைத்துக் காட்டினாள். "இங்க வளைஞ்சுண்டு போகும். இதுல போகலை."

அக்கா எனக்கு உடனே போன் செய்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன். "உன் அலமாரியில இருக்கற புஸ்தகமெல்லாம் படிக்கத் தெரிஞ்சவாளுக்காக்கும். படிக்கத் தெரியாதவாளுக்கு ஒண்ணாவது வச்சிருக்கியா? என் அடுக்களை நிறைய வச்சிருக்கேன், வந்து பாரு" என்றார். நோய் வந்தபின் அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அட்டை சுவரிலிருந்து இறங்கியது. அகர வரிசையை ஒதுக்கிவிட்டு, தன் பெயரின் முதல் எழுத்திலிருந்தே ஆரம்பித்தார். பேர் வெட்டுகிறவனின் ஊசி புள்ளி புள்ளியாகப் போன வழியில் குழந்தையின் விரல் போகும். போகும்போதே அந்த எழுத்தின் ஒலியைச் சொல்ல வேண்டும். அந்த எழுத்து வேறு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பேர் வெட்டியவற்றை அக்கா மேல்தட்டில் ஏற்றிவிட்டார். "அதுகள் அப்பறம். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா கூட்டுக்கறி மாதிரி ஆயிடும்" என்றார். குழந்தை "இன்னும் ஒண்ணும்மா" என்று கேட்கும் நேரத்தில் நிறுத்திவிடுவார். ஒரு நாள் நான் இருக்கும்போது அப்படி நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு அவளா வரணுமே" என்றார். மருந்து தலையைச் சுற்றிய நாட்களில் பாடம் இல்லை. அவர் படுத்திருக்க, நீலு ஒரு கரண்டியையோ கிண்ணத்தையோ கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டுப் போவாள்.

எங்கள் தெருவில் பாத்திரங்கள் நடமாடுவது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் நாலு வீட்டுக்குத் தூக்குப் பாத்திரம் போகும். போன பாத்திரம் வெறுமனே திரும்பாது, சர்க்கரையோ பழமோ வைத்துத்தான் வரும். அவற்றைத் திருப்பும் வேலையை அக்கா நீலுவுக்குக் கொடுத்தார். யாருடையது என்று சொல்ல மாட்டார். அவளே எழுத்தைப் பார்த்து, அவளே போய்க் கொடுக்க வேண்டும். முதல் வாரம் கமலா மாமி வாசலில் நடந்ததைக் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

"ஏண்டீ நீலு, உங்கம்மா உன்னை போஸ்ட்மேன் ஆக்கிட்டாளா? இது என் தூக்கா? என் தூக்கு இப்படி நெளிஞ்சிருக்குமா?"

"உங்க எழுத்து இருக்கே மாமி. க."

"க இருந்தா நானா? இது கல்யாணி மன்னியோடதுடீ! க-வைப் பாத்துட்டு ஓடி வந்துட்டயா? பக்கத்துல என்ன இருக்குன்னு பாக்க வேண்டாமோ?"

அக்கா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். "மாமி, கொழந்தை பாதி தூரம் வந்துடுத்து. மீதியைச் சொல்லிடாதீங்கோ, கேட்டேளா! அவளே வரட்டும்!"

அந்த மீதிப் பாதிக்காகத்தான் அக்கா காத்திருந்தார். மார்கழிக்குள் அக்காவின் பெயரிலுள்ள எல்லா எழுத்தும் நீலுவுக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் பாதி வீட்டுப் பாத்திரங்களின் எழுத்துகளும் தெரிந்தன. ஆனால் சேர்க்க வரவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரியாகச் சொல்வாள். கடைசி எழுத்தைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான்.

தைமாதம் சிகிச்சையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டோம். தினமும் சாயங்காலம் நீலு தன் பால் டம்ளரோடு கட்டிலில் ஏறி உட்கார்ந்து எழுத்துகளைச் சொல்வாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கண்ணை ஏன் மூடிக்கொள்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சேத்துச் சொல்லிக் கொடுத்துடேன் அக்கா. ஒரு தடவை சொன்னாப் பிடிச்சுப்பா" என்றேன்.

"சொன்னா, நாளைலேர்ந்து அவ என் மூஞ்சியைப் பாப்பா" என்றார். பிறகு, "மூஞ்சி இருக்காதேடா" என்றார்.

மாசி மாதம், தேய்பிறை ஏகாதசியன்று விடியற்காலையில் அக்கா போய்விட்டார். அவர் கேட்க விரும்பிய அந்த ஒரு வார்த்தையைக் கேட்கவில்லை.

காரியங்களை அத்திம்பேரே செய்தார். பதின்மூன்றாம் நாள் வீடு நிறைய மனிதர்கள். அம்மா போன பிறகு எங்கள் இருவருக்கும் அம்மாவாக இருந்த சித்தி நாகர்கோவிலிலிருந்து வந்து எல்லாவற்றையும் எடுத்துச் செய்தார். சாப்பாடு மிஞ்சியது. வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்பப் பாத்திரம் வேண்டியிருந்தது. இறந்துபோனவர்கள் புழங்கியதைக் கொடுத்துவிடுவதும் வழக்கம். சித்தி அடுக்களைத் தட்டைப் பார்த்தார்.

"அவ பேர் போட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்துடுங்கோ. பாக்கப் பாக்கக் கொழந்தை ஏங்கிப்போயிடும்" என்றார்.

அதில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. யாரும் மறுக்கவும் இல்லை. அந்தத் தட்டில் இருந்தது பாடப்புத்தகம் என்பதை அறிந்த கமலா மாமி, பெங்களூரில் தன் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். அத்திம்பேரும் நானும் சாஸ்திரிகளை வழியனுப்ப ஆட்டோ தேடிப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது தட்டு துடைத்துக் கோலம் போட்டிருந்தது.

மறுநாள் காலை நீலுவுக்குப் புது டம்ளரில் பால் கொடுத்தார்கள். அவள் அதைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். விளிம்பு முழுவதும் விரலால் தடவினாள். பாலைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"இதுல ஒண்ணும் எழுதலை" என்றாள்.

சித்தி அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் காரியத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது வழக்கமில்லை.

அதன்பின் நீலு எழுத்துப் பக்கமே வரவில்லை. அத்திம்பேர் பழைய அட்டையைத் தேடி எடுத்து மாட்டினார்; அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன். படங்களைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டாள். அத்திம்பேர் கடையிலிருந்து வந்ததும் அவள் அருகே உட்கார்ந்து, "எனக்கும் தமிழ் படிக்கத் தெரியாதும்மா, நீ சொல்லித் தரயா?" என்று கேட்பார். அவள் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போவாள். பள்ளியில் இடம் வாங்கியாயிற்று. இந்தக் குழந்தையும் மனப்பாடத்தோடுதான் உள்ளே போகப்போகிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

சித்திரை மாதம், விஷு கழிந்து சில நாளில், பதின்மூன்றாம் நாளுக்குச் சமைத்த சமையல் மாமா ஒரு பைக்குள் தூக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். அன்று மிஞ்சிய பாயசத்தை அவருக்குக் கொடுத்தனுப்பிய தூக்கு. இனாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரவல் என்று நினைத்திருக்கிறார்.

"கல்யாண சீசன், வரமுடியலை. பேர் போட்ட பாத்திரமாக்கும், யாராத்தோடதுன்னு தெரிஞ்சும் வச்சுண்டிருந்தா நன்னா இருக்குமா?" என்றபடி, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த நீலுவின் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு பொட்டலம் சர்க்கரை இருந்தது.

அத்திம்பேரும் நானும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நீலு தூக்கைத் தரையில் வைத்தாள். மூடியைத் திருகினாள், சர்க்கரையைப் பார்த்தாள், மூடினாள். பிறகு விளிம்பைக் கண்டுபிடித்து விரலை வைத்தாள். முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். கடைசிவரை போனாள். விரல் மறுபடி முதல் எழுத்துக்கு வந்து, இந்த முறை நிற்காமல் ஓடியது. என் அக்காவின் பெயரை ஒரே மூச்சில், முழுதாக, அந்தக் குழந்தை சொன்னாள். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

"அம்மா பேர் முழுசா இருக்கு" என்றாள்.

சமையல் மாமா என்னவோ ஏதோ என்று பயந்து, "என்னண்ணா, ஏன் அழறேள்? வேற பாத்திரமா?" என்று அத்திம்பேரைக் கேட்டார்.

அன்றே சித்திக்குப் போன் செய்தேன். அந்த வாரமே பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் எடுத்துப்போயிருந்த சம்படம் நிறைய முறுக்கு. "கொழந்தே, இதைப் படிச்சுச் சொல்லு, சித்திப் பாட்டிக்குக் கண் தெரியலை" என்றார். கண் நன்றாகவே தெரிந்தது. பிறகு செய்தி பரவி, நீங்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தீர்கள். எதுவும் வெறும் பாத்திரமாக வரவில்லை. எல்லாம் நீலுவின் கைக்கே வந்தன. எல்லாவற்றிலும் அவள் அதே பெயரைப் படித்தாள். மழை தொடங்கி பள்ளிக்குப் போன அன்று, வகுப்பு வாசலில் கலைத்துப்போட்டிருந்த சாப்பாட்டுப் பாத்திரங்களில் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டாள் என்று டீச்சர் சொன்னார். அது அக்காவின் சம்படம்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவை இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியப் பெண்களுக்கு, கழக்கூட்டத்திலிருந்து வாராவாரம் வந்து அவரைச் சிரிக்கவைத்த அலுவலகத் தோழிகளுக்கு, பெங்களூரிலிருந்து திரும்பியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, நீலுவைப் பாத்திரத்தோடு மறுபடி தெருவில் நடக்கவைத்த கமலா மாமிக்கு, சமையல் மாமாவுக்கு, சேதி கேட்ட வாரமே சம்படத்தோடு ஓடிவந்த சித்திக்கு. பாத்திரத்தைத் திருப்பித் தந்த உங்கள் ஒவ்வொருவருக்கும். இன்னும் யாரிடமாவது இருந்தால், வைத்துக்கொள்ளுங்கள். அதில் இப்போது எங்களுக்குக் குறையில்லை.

இந்த நினைவு மலரோடு உங்கள் கையில் ஒரு சிறிய டம்ளரும் வந்திருக்கும். சாலைக் கடைத்தெருவில் வாங்கும்போது, எந்த பாஷையில் வெட்ட வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். அத்திம்பேர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். அக்காவின் பெயரைத் தமிழில் அவரே எழுதியிருந்தார். அவர் வாழ்க்கையில் எழுதிய முதல் தமிழ் வார்த்தை அது. முந்தின நாள் நீலு பார்த்து, "சரியா இருக்குப்பா" என்று சொன்ன பிறகுதான் மடித்து வைத்துக்கொண்டாராம்.

இந்தக் கட்டுரையில் அக்காவின் பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. அது டம்ளரின் விளிம்பில் இருக்கிறது. உங்கள் வீட்டில் எழுத்துப் பழகும் குழந்தை இருந்தால், அதன் கையில் கொடுங்கள். நீங்கள் சொல்லாதீர்கள். சற்று நேரம் ஆனாலும் பரவாயில்லை, அது தானே படிக்கட்டும்.